கொல்லிமலை ஏறும் வண்டிக்கு எந்த சைலன்சர்?

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 2015ஆம் ஆண்டு வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அப்பாவின் வண்டி. முழங்கால் வலியால் அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு நான் ஓட்டுகிறேன். 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மனைவியின் ஊர் கொல்லிமலையில் செம்மேடு. மாதத்துக்கு இரண்டு முறையாவது இருவரும் மலை ஏறுகிறோம். முன்பெல்லாம் மூன்றாவது கியரில் ஏறிய இடங்களில் இப்போது இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. நண்பன் புது கிளாசிக் வாங்கி சைலன்சரை மாற்றியிருக்கிறான். அவன் வண்டி பறக்கிறது. 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் புகை தடையில்லாமல் வெளியேறும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், அடுத்து கூம்பு ஏர் ஃபில்டர், கடைசியாக 500 சிசி பேரல் (சிலிண்டர்), பிஸ்டன் என்று செய்ய நினைக்கிறேன். இழுவை கூட எந்த சைலன்சர் நல்லது, கோல்ட் ஸ்டாரா, இந்தூரியா?
– வாசகர், சேந்தமங்கலம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் "முன்பெல்லாம் மூன்றாவது கியரில் ஏறிய இடங்களில்" என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அப்படியானால் உங்கள் வண்டியில் அந்த இழுவை ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. இதே சைலன்சர், இதே ஃபில்டர், இதே 346 சிசி, மலைப் பாதையின் இதே 70 வளைவுகள். அப்பா ஓட்டிய நாளில் மூன்றாவது கியரில் ஏறியிருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த இழுவை எங்கே போயிற்று என்பது. அதைக் கண்டுபிடிக்காமல் புது சைலன்சர் மாட்டுவது, குடத்தின் ஓட்டையை மூடாமல் இன்னும் வேகமாகத் தண்ணீர் இறைப்பதைப் போன்றது.

கோவையில் முப்பது வருடங்களாக இன்ஜின் வேலை செய்கிறேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தய வண்டிகளுக்கும் வேலை செய்திருக்கிறேன், பால் கேன் கட்டி ஓடும் வண்டிகளுக்கும் செய்திருக்கிறேன். சைலன்சர் மாற்றுவது தவறு என்று சொல்பவன் அல்ல நான். ஆனால் உங்கள் வண்டிக்கு, உங்கள் மலைக்கு, உங்கள் பணத்துக்கு எது பொருந்தும் என்பதைத்தான் சொல்ல முடியும்.

பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதால் சைலன்சர் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "புகை தடையில்லாமல் வெளியேறினால் சக்தி கூடும்" என்பது ஒரு கட்சி. "கொஞ்சம் பின்னழுத்தம் இருந்தால்தான் இழுவை இருக்கும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதிதான் உண்மை. பிஸ்டன் கீழ் எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்பே, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது. உள்ளே இன்னும் அழுத்தத்தோடு இருக்கும் சூடான வாயு ஒரு அடியாகக் குழாய்க்குள் பாய்கிறது. அந்த அழுத்த அலை, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயான பென்ட் பைப்பின் வழியே ஓடி, குழாய் விரியும் இடத்தை அடைந்ததும் உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. அது வால்வை வந்து சேரும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வு மூடாமலும், கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கியும் இருந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் கலவையையும் உள்ளே இழுத்துவிடும். பிந்தி வந்தாலோ முந்தி வந்தாலோ பயன் இல்லை. சில சமயம் கெடுதலும் உண்டு. அலை எப்போது வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளமும் இன்ஜின் சுற்றும் வேகமும் முடிவு செய்கின்றன. குழாயின் விட்டம் வாயுவின் வேகத்தை முடிவு செய்கிறது.

விறகு அடுப்பை ஊதிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். குறுகிய ஊதுகுழலில் ஊதினால் கனல் பற்றிக்கொள்ளும். அதே மூச்சைப் பருத்த மூங்கிலில் ஊதினால் சாம்பல்கூட அசையாது. அகலமான குழாயை மாட்டியதும் குறைந்த சுற்றில் இழுவை போய்விடுவதன் காரணம் இதுதான். அழுத்தம் இல்லாமல் போனது காரணம் அல்ல. வாயுவின் ஓட்டம் மந்தமாகி, அலையின் நேரமும் தவறிவிடுகிறது.

இனி உங்கள் இன்ஜினைப் பாருங்கள். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 90 மில்லிமீட்டர். அதிகபட்ச முறுக்குவிசை 28 நியூட்டன்மீட்டர். அது நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. அதிகபட்சத் திறன் 19.8 குதிரைத்திறன், 5,250 சுற்றில். அந்தச் சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 15.75 மீட்டர். ஸ்ட்ரோக் 60 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள கேடிஎம் 390 டியூக்கின் 373 சிசி இன்ஜின் இதே பிஸ்டன் வேகத்தை அடைய 7,875 சுற்று சுற்ற வேண்டும். அந்த வண்டி அதற்கும் மேலே 9,000 சுற்று வரை போகும்படி கட்டப்பட்டது. உங்களுடையது அப்படி அல்ல. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர்கள் ஏதாவது ஆதாயம் தந்தால் அது பெரும்பாலும் மேல் சுற்றுகளில்தான் கிடைக்கும். நீண்ட ஸ்ட்ரோக்கும், வால்வுகளைக் கீழிருந்து தள்ளித் திறக்கும் கம்பியான புஷ்ராடும் கொண்ட உங்கள் இன்ஜின் அந்தச் சுற்றுகளுக்குப் போவதே இல்லை. கொல்லிமலை வளைவில், இருவர் உட்கார்ந்து, இரண்டாவது கியரில் திரும்பி வெளியே வரும்போது இன்ஜின் அதில் பாதிச் சுற்றைச் சுற்றினாலே அதிகம். அங்கேதான் உங்களுக்கு இழுவை வேண்டும். அதைத்தான் அகலக் குழாய் எடுத்துக்கொள்ளும்.

கோல்ட் ஸ்டார், இந்தூரி, பஞ்சாபி, டால்பின் என்று கடையில் தொங்குபவை பெரும்பாலும் ஓசைக்காகச் செய்யப்பட்டவை. ஒரே பெயரில் நான்கு பட்டறைகள் நான்கு விதமாகச் செய்கின்றன. உள்விட்டம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதனால் இதுவா அதுவா என்ற உங்கள் கேள்விக்குப் பெயரை வைத்துப் பதில் சொல்வது நேர்மையாக இருக்காது. ஓசை கூடியதும் வேகம் கூடியதாக மனம் நம்பிவிடும். வண்டியை மாற்றிவிட்டு வந்து "சூப்பராக இழுக்கிறது" என்று சொன்னவர்களை நான் அதே மேட்டில், அதே கியரில், கைக்கடிகாரத்தோடு ஓட்டச் சொல்லியிருக்கிறேன். பலர் முன்னைவிட மெதுவாகத்தான் மேலே வந்தார்கள்.

நண்பரின் வண்டி பறப்பதற்குக் காரணம் வேறு. 2021 செப்டம்பரில் வந்த புது கிளாசிக்கில் இருப்பது வேறு இன்ஜின்: 349 சிசி, 72க்கு 85.8 மில்லிமீட்டர், வால்வுகளைத் திறக்கும் கேம் சிலிண்டர் தலையிலேயே இருக்கிறது, கலவை அழுத்தப்படும் கம்ப்ரஷன் விகிதம் 9.5, உங்களுடையதில் 8.5. கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்து, பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சமாளித்துக்கொள்ளும். அவர் வெறும் சைலன்சரை மட்டும் மாற்றியிருந்தால் சீரான ஓட்டத்தில் பெரிய கேடு வராது. முழு ஆக்ஸிலரேட்டரில் அந்த சென்சாரின் பேச்சை இன்ஜினின் கணினியான ஈசியூ கேட்காது. உள்ளே எழுதி வைத்த அளவின்படியே பெட்ரோல் விடும். ஆகவே அவரும் பென்ட் பைப், ஃபில்டர் என்று மேலும் மாற்றினால் ஈசியூவையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். எப்படியும் அவர் வண்டி புதிது, உங்கள் வண்டி 62,000 கிலோமீட்டர் உழைத்தது. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி சைலன்சரைப் பார்ப்பது அந்த இன்ஜினுக்கு நியாயம் ஆகாது.

கூம்பு ஃபில்டரை வேண்டவே வேண்டாம் என்று சொல்கிறேன். உங்கள் வண்டியில் இருப்பது வெற்றிடத்தால் இயங்கும் கார்புரேட்டர். ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது காற்று வழியைத் திறக்கும் அதன் ஸ்லைடு நேரடியாகத் தூக்கப்படுவதில்லை. உள்ளே உருவாகும் அழுத்த வேறுபாடு டயாஃப்ரம் என்ற ஒரு ரப்பர் சவ்வின் வழியாக ஸ்லைடை உயர்த்துகிறது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் அமைதியாக நிற்கும் காற்றைக் கணக்கில் வைத்து அது செய்யப்பட்டது. பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பை வெளியே நீட்டினால் ஸ்லைடு தடுமாறும். பாதி ஆக்ஸிலரேட்டரில் ஒரு குழி விழுவதைப் போல உணர்வீர்கள். போதாததற்கு, மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளி வரை நீங்கள் வரும் சாலையின் புழுதி, மழைத் தண்ணீர் எல்லாம் நேராக சிலிண்டருக்குப் போகும். நல்ல பேப்பர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த 20 விழுக்காடு கலவைக்கு (இ20) சுமார் 13.5 போதும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் இப்படி. ஆனால் உங்கள் கார்புரேட்டருக்கு இது தெரியாது. 2015இல் வைத்த ஜெட் என்ற சிறு துளை வழியே அதே அளவைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறது. அதாவது எதையும் மாற்றாமலேயே உங்கள் கலவை கொஞ்சம் மெலிந்துவிட்டது, தேவையைவிடக் காற்று கூடிவிட்டது. இதன்மேல் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டினால் இன்னும் மெலியும். மெலிந்த கலவை ஏறுமுகத்தில், பாரத்தோடு, நீண்ட நேரம் எரிந்தால் தலை சூடாகும், எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகும். போன கோடையில் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. பென்ட் பைப் நீலமாகியிருந்தது, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடித்தது. ஓட்டியவர் அந்த வெடிப்பைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தார். திறந்து பார்த்தால் வால்வின் ஓரம் ஒரு அரிசி அளவுக்கு எரிந்து போயிருந்தது. சைலன்சர் மாற்றியவர்கள் ஜெட்டைத் தொடவே இல்லை.

500 சிசி பேரல் விஷயத்தில் உங்களை யாரோ தவறாக வழிநடத்தியிருக்கிறார்கள். அந்த 500 இன்ஜினிலும் ஸ்ட்ரோக் இதே 90 மில்லிமீட்டர்தான் என்பதால் "அப்படியே பொருந்தும்" என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அதன் பிஸ்டன் 84 மில்லிமீட்டர். பரப்பளவு 1.44 மடங்கு. அதே அழுத்தத்தில், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கனெக்டிங் ராடும் கிராங்க் பேரிங்கும் தாங்க வேண்டிய விசை 44 விழுக்காடு கூடுகிறது. பிஸ்டன் கனமாவதால் கிராங்க்கின் சமநிலை கெடும். பேரல் உட்கார கிராங்க் கேஸின் வாயைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். கடைந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழி கிடையாது. ஆர்சி புத்தகத்தில் 346 சிசி என்று இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. விபத்து என்று ஒன்று நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் இதைத்தான் பிடித்துக்கொள்ளும். மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுகிறீர்கள், தம்பி. இதில் இறங்காதீர்கள்.

இனி, தொலைந்த இழுவையைத் தேடுவோம். பாதி வேலையை நீங்களே வீட்டில் செய்யலாம்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இரண்டு சுற்றாவது ஓடாமல் நின்றால் பிரேக் லைனர் உரசுகிறது அல்லது செயின் இறுகியிருக்கிறது. ஏர் ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிறகு சமதளத்தில் மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகுங்கள். இன்ஜினின் இரைச்சல் சட்டென்று ஏறி, வண்டியின் வேகம் மெதுவாக ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. மலைக்காரர்களின் வண்டிகளில் நான் அதிகம் பார்க்கும் குறை இது. வளைவுக்கு வளைவு அரை கிளட்ச் பிடிப்பதால் பிளேட்டுகள் சீக்கிரம் தேயும். அதை இன்ஜின் பலவீனம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது பிளக். உங்கள் இன்ஜினில் பிளக் இரண்டு. சர்வீஸ் செய்பவர்கள் கைக்கு எளிதாக எட்டும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பல ஆண்டுகள் விட்டுவிடுகிறார்கள். ஒன்று செத்தாலும் வண்டி ஓடும். மேடு வரும்போதுதான் தெரியும். இரண்டையும் கழற்றி நிறம் பாருங்கள். பிஸ்கட் நிறம் நல்லது. வெள்ளையாக இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல். எண்ணெய்ப் பசையாக இருந்தால் ரிங்கோ வால்வு சீலோ போய்விட்டது.

மெக்கானிக்கிடம் போகும்போது முதலில் கார்புரேட்டர் டயாஃப்ரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வருட ரப்பரில், எத்தனால் கலந்த பெட்ரோலில், ஊசி முனை அளவு கிழிசல் இருந்தால்கூட ஸ்லைடு மேலே ஏறாது. சில நூறு ரூபாய் விஷயம். ஆனால் மொத்த இழுவையையும் பிடித்து வைத்திருக்கும். பெட்ரோல் டியூபும் ஓ-ரிங்குகளும் இறுகிப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். மெயின் ஜெட்டை ஒரே ஒரு அளவு கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டிய பிறகு கீழே மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். மேலே செம்மேட்டில், கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல், காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஜெட் பெரிதாகிவிட்டால் கீழே நன்றாக ஓடி மேலே மூச்சு முட்டும். சைலன்சர் மாற்றி நீங்கள் பெற நினைக்கும் சக்தியைவிட அந்த உயரம் எடுத்துக்கொள்வது அதிகம். எந்த வண்டிக்கும் அப்படித்தான், உங்கள் வண்டியின் குறை அல்ல.

இவற்றுக்குப் பிறகும் இழுவை வராவிட்டால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். 62,000 கிலோமீட்டரில் தலையைக் கழற்றுவது வீண் செலவு ஆகாது. கரி எடுத்து, வால்வுகளை கிரைண்ட் செய்து, சீட்டில் சரியாக உட்கார வைத்து, புது சீலும் ரிங் செட்டும் போட்டால், இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும். தலை மேசைக்கு வந்துவிட்டதால் ஒரு வேலையைக் கூடுதலாகக் கேளுங்கள். கார்புரேட்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயின் வாயும் தலையின் இன்டேக் துளையும் சேரும் இடத்தில் சிறு படி இருக்கும். அதை மட்டும் தேய்த்துச் சமமாக்கச் சொல்லுங்கள். துளையை அகலப்படுத்த வேண்டாம், கண்ணாடி போல் பளபளப்பாக்கவும் வேண்டாம். பந்தய வண்டிகளில் நான் முதலில் செய்யும் வேலையும் இதுதான். சட்டத்தை மீறாத, காசு அதிகம் கேட்காத, நிஜமான மேம்பாடு இது. எண்ணெயைக் கையேட்டில் சொன்ன 15டபிள்யூ-50 தரத்திலேயே ஊற்றுங்கள். வால்வுகளைத் திறக்கப் புஷ்ராடைத் தள்ளும் இந்த இன்ஜினின் டேப்பட்டுகள் எண்ணெய் அழுத்தத்தில் தாமாகச் சரிசெய்துகொள்பவை. நீர்த்த எண்ணெய் அவற்றுக்கு ஆகாது.

மலைக்கென்றே ஏதாவது செய்ய ஆசை இருந்தால் அடுத்த செயின் செட் மாற்றும்போது முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்துப் போடுங்கள். சக்கரத்துக்குப் போகும் இழுவை எல்லா கியர்களிலும் சுமார் 6 விழுக்காடு கூடும். எந்த சைலன்சரும் குறைந்த சுற்றில் இதைத் தராது. பதிலுக்கு நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு இன்ஜின் கொஞ்சம் அதிகம் சுற்றும், அதிர்வு கூடும். உங்கள் பயணம் பெரும்பாலும் சேந்தமங்கலத்துக்கும் செம்மேட்டுக்கும் இடையில் என்றால் இது நல்ல பேரம்.

இவ்வளவும் உங்கள் 40,000 ரூபாயில் பாதிக்குள் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். மிச்சத்தை இறங்குவதற்குச் செலவிடுங்கள். ஏறுவதற்கு 70 வளைவு என்றால் இறங்குவதற்கும் 70. உங்கள் மாடலில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. முன் டிஸ்க் பேட், பின் டிரம் லைனர் இரண்டையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். இறக்கத்தில் சூடேறி அது கொதித்தால் லீவர் கையோடு வந்துவிடும், பிரேக் பிடிக்காது. டயர்கள் எந்த வருடத்தவை என்றும் பாருங்கள்.

இதற்குப் பிறகும் வேறு ஓசை வேண்டும் என்ற ஆசை இருந்தால் அது தவறு என்று சொல்ல மாட்டேன். அப்பாவின் வண்டியின் ஓசை ஒருவருக்கு எவ்வளவு நெருக்கமானது என்று எனக்குத் தெரியும். உள்விட்டம் பழைய சைலன்சருக்கு அருகில் இருக்க வேண்டும். உள்ளே ஓசையைத் தணிக்கும் தடுப்பு இருக்க வேண்டும். அதைக் கழற்றி எறியக் கூடாது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு ஓடும்போது எழும் ஒலியின் வரம்பு 80 டெசிபெல். ஒலி வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் இருக்கிறது. லைசென்ஸும் மூன்று மாதம் போகும். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் காரணம் வேறு. கொல்லிமலை வளைவுகளில் மேலிருந்து இறங்கும் பஸ்ஸை நீங்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன் அதன் ஹாரனைத்தான் கேட்கிறீர்கள். உங்கள் சைலன்சரின் சத்தத்தில் அந்த ஹாரன் மூழ்கிவிடக் கூடாது.

முதலில் கிளட்ச், பிளக், டயாஃப்ரம் மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். தலையைக் கழற்ற நேர்ந்தால் சிலிண்டர் சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும்படி கீறல் இருந்தால் வெறும் ரிங் மாற்றி மூட விடாதீர்கள். சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து) அடுத்த அளவு பிஸ்டன் போட வேண்டும். அப்படிப் போட்டால் முதல் 1,000 கிலோமீட்டருக்கு செம்மேடு பயணத்தை பஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.